மௌத்து வீட்டுக்கு வருபவர்கள்

கடந்த ஓகஸ்ட் மூன்றாம் திகதி காத்தான்குடிக்குப் போயிருந்தேன். ஷுஹதாக்கள் நினைவு நாள். 1990இல் அதே திகதியில், ஒரு வெள்ளிக்கிழமை இரவு, மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனிய்யாப் பள்ளிவாசலிலும் இஷாத் தொழுகையில் நின்றவர்களை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். 103 பேர் என்பது ஊர் வைத்திருக்கும் கணக்கு. சிறுவர்களும் அதில் அடக்கம்.

குர்ஆன் ஓதி முடிந்து துஆ தொடங்கியது. சன்னங்கள் துளைத்த தடங்களை ஊரார் பூசி மறைக்காமல் வைத்திருக்கிறார்கள். என் கண் அந்தச் சுவரை விட்டு அகலவில்லை. பக்கத்திலிருந்த முதியவர் என் முழங்கையைத் தொட்டார்.

“இந்த ஸப்புலதான் தம்பி எண்ட மகன் நிண்டவன். பன்ரெண்டு வயசு.”

ஆமீன் சொல்ல எனக்கு நா எழவில்லை. காரணம் இருந்தது.

முதல் நாள் மட்டக்களப்பிலிருந்து ஒரு தமிழ் நண்பர், ஓய்வுபெற்ற ஆசிரியர், தொலைபேசியில் கேட்டார்: “நானும் வரட்டா?” “இன்னொரு நாளைக்கு வாங்க சேர்” என்று தட்டிக் கழித்துவிட்டேன். அவருடைய அக்கா குடும்பம் 1990 செப்டெம்பர் 9இல் சத்துருக்கொண்டானில் கொல்லப்பட்டது. படையினரோடு முஸ்லிம் ஊர்காவலரும் வந்தார்கள் என்று அந்தப் பக்கத்தார் சொல்வார்கள். அந்தப் பேச்சு இங்கே எழுந்துவிடுமோ என்று பயந்தேன்.

2019 ஏப்ரல் 21இல் சியோன் தேவாலயத்திலும் குண்டு வெடித்தது. தாக்குதல்களின் சூத்திரதாரி காத்தான்குடியில் பிறந்தவன் என்று தெரிந்ததும் எனக்கு முதலில் அழைப்பெடுத்தவர் இந்த சேர்தான். “பயப்படாதீங்க. அவனும் நீங்களும் ஒண்டில்ல” என்றார். அந்த மனிதருக்குத்தான் நான் கதவைச் சாத்தினேன்.

துஆ முடிந்ததும் முதியவரிடம் இதைச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சற்று நேரம் இருந்தார்.

“கூட்டிட்டு வந்திருக்கலாமே தம்பி. மௌத்து வீட்டுக்கு வாறவங்கள ஆரு மறிக்கிற?”

2009 மே மாதத்தில் துப்பாக்கிகள் ஓய்ந்தன. ஆனாலும் அவரவர் மையித்தை அவரவரே சுமக்கிறோம். நமக்கு ஓகஸ்ட், அவர்களுக்கு செப்டெம்பர். அடுத்தவர் சந்தூக்குக்கும் நம் தோளைக் கொடுக்கும் நாளில்தான் சமாதானம் பற்றிப் பேச நமக்கு வாய் இருக்கும்.

அன்றிரவே சேருக்கு அழைப்பெடுத்தேன்.

“ஒன்பதாந் திகதி சத்துருக்கொண்டானுக்கு நானும் வரட்டா சேர்?”

மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“வாங்க. பின்னேரம் நான் சந்தியில நிப்பன்” என்றார்.