பெயர்ப்பலகையும் பெயரில்லாப் பாதையும்

மலையகத்தைக் காணவருவோரிற் பெரும்பாலார் அதனைப் பெருவீதியில் இருந்தவாறே கண்டு, மகிழ்ந்து மீள்கின்றனர். அவிசாவளையிற் புறப்படும் ஏ 7 வீதி கித்துல்கலை, கினிகத்தேனை ஆகிய ஊர்களைக் கடந்து அட்டனை அடைகிறது. பின்னர் கொட்டகலை, தலவாக்கலை, லிந்துலை, நானுஓயா வழியாக நுவரெலியாவைச் சேர்கிறது. பேராதனையிலிருந்து வரும் ஏ 5 வீதி கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக ஏறி அதே நகரை அடைந்து பதுளையை நோக்கிச் செல்கிறது. இவ்விரு வீதிகளின் ஓரங்களிலும் பயணியின் கண்ணை முதலிற் கவர்வன தோட்டங்களின் பெயர்ப்பலகைகளே.

அப்பலகைகளில் தோட்டத்தின் பெயர் இருக்கும். அதனை நடத்தும் கம்பனியின் பெயரும் இலச்சினையும் இருக்கும். சிலவற்றில் தொழிற்சாலை அமைந்துள்ள உயரமும் பொறிக்கப்பட்டிருக்கும். லபுக்கலையிலோ பலகையும் போதாதென்று குன்றின் சரிவிலேயே பேரெழுத்துகள் நாட்டப்பட்டன. ஒரு காலத்தில் மக்வூட்ஸ் என்றிருந்த அவ்வெழுத்துகள், கம்பனி கைமாறிய பின்னர் டம்ரோ என மாறின. டன்சினேன், ஹொலிரூட், அபொட்ஸ்போட் முதலிய பெயர்களைப் படிப்போர்க்குத் தாம் ஸ்கொத்லாந்திற் பயணஞ் செய்கின்றனரோ என்ற ஐயமும் எழக்கூடும். ஷேக்ஸ்பியரின் மக்பெத் நாடகத்தில் வரும் குன்றொன்றின் பெயரே பூண்டுலோயாவில் ஒரு தோட்டத்தின் பெயராக நிலைத்துவிட்டது.

இத்தகைய பலகையொன்றின் அடியில், மழை தூறும் ஒரு பிற்பகலில், அட்டனிலிருந்து வந்த பஸ்ஸை விட்டு ஒரு தாய் இறங்குகிறாள். அவளுடன் எட்டு வயது மதிக்கத்தக்க மகன். கொழுந்து மடுவத்தருகே சறுக்கி விழுந்து கால் முறிந்து, மாவுக்கட்டுடன் வைத்தியசாலையிலிருந்து மீள்கிறான் அவன். பலகைக்கு அருகே முச்சக்கர வண்டி ஒன்று நிற்கிறது.

“தம்பி, மேப்பிரிவு லயத்துக்குப் போகணும். வருவீங்களா?”

“ஸ்டோரு வரைக்கும்னா வாறேன் அக்கா. அதுக்கு மேல ஏத்துனா வண்டி தாங்காது.”

அவ்விளைஞனை நொந்து பயனில்லை. எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? பலகையிலிருந்து தொழிற்சாலை வரை பாதை ஓரளவு செப்பனிடப்பட்டுள்ளது. தேயிலை ஏற்றிய லொறிகள் இறங்கிவர வேண்டுமல்லவா? துரையின் பங்களாவுக்குப் பிரியும் கிளையும் குறைகூற முடியாதபடி உள்ளது. அதற்கப்பால், மேற்பிரிவின் லயன்களை நோக்கி ஏறும் பாதையிற்றான் தார் மறைந்து, கல் தோன்றி, கல்லும் பெயர்ந்து, மழைக்காலத்தில் அது பாதையா ஓடையா என்று சொல்லவியலாத நிலை ஏற்படுகிறது. தேயிலை போகும் தூரத்துக்கு வீதியும், மனிதர் போகும் தூரத்துக்குக் கல்லும் மண்ணும் என்பதே இங்குள்ள கணக்கு.

இந்தக் கணக்கு நேற்று இன்று எழுதப்பட்டதன்று. வீதிக்கு யார் பணம் கொடுப்பது என்ற வழக்கு மலைநாட்டில் ஏறக்குறைய இரு நூற்றாண்டு வயதுடையது. 1848இல் ஆங்கில ஆட்சியினர் பிறப்பித்த வீதிச் சட்டம், பதினெட்டு முதல் ஐம்பத்தைந்து வயது வரையான ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதிவேலை செய்ய வேண்டும், அன்றேல் அதற்கீடாகப் பணம் செலுத்த வேண்டும் என விதித்தது. கோப்பித் துரைமாரின் வண்டிகள் ஓடுவதற்காகத் தாம் ஏன் கல்லுடைக்க வேண்டும் என்று கண்டிநாட்டுக் குடியானவர்கள் வெகுண்டனர். அவ்வாண்டில் மாத்தளையில் மூண்ட கிளர்ச்சிக்கு இச்சட்டமும் ஒரு காரணமாயிற்று. 1854இல் தோன்றிய தோட்டத்துரைமார் சங்கமோ அரசாங்கத்திடம் வீதியையும் இருப்புப்பாதையையும் ஓயாது வேண்டி நின்றது. புகையிரதம் 1867இல் கண்டிக்கும், 1884இல் அட்டனுக்கும், மறு ஆண்டில் நானுஓயாவுக்கும் வந்து சேர்ந்தது. தோட்டங்களுக்குச் செல்லும் கிளை வீதிகளின் செலவில் ஒரு பங்கைத் துரைமாரும் மறு பங்கை அரசாங்கமும் ஏற்கும் ஏற்பாடுகளும் அக்காலத்தில் இருந்தன. அப்பாதைகளை வெட்டிக் கல் பரப்பிய தமிழகத்துத் தொழிலாளரின் பெயர் எந்தப் பேச்சிலும் இடம்பெறவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

பின்னர்க் காலம் மாறியது, உடைமை மாறியது. 1972இலும் 1975இலும் நடைபெற்ற காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. காணி அரசுக்குரியது, குத்தகை கம்பனிக்குரியது, லயனில் வாழ்வோர்க்கோ இரண்டிலும் உரிமையில்லை. இந்நிலையில் தோட்டப் பாதை யாருடையது என்ற வினா எழுகின்றது.

இலங்கையின் வீதிகளுக்கு ஒரு சாதிமுறை உண்டு எனலாம். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையைச் சார்ந்தவை. சி, டி தர வீதிகள் மாகாணத்துக்குரியவை. அவற்றுக்கும் கீழ்ப்பட்டவை உள்ளூராட்சி மன்றங்களின் பொறுப்பு. தோட்டத்துக்குள் ஓடும் பாதையோ இவ்வரிசையில் முறையாக இடம்பெறாதது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் பிரதேச சபை தன் நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. தோட்டமக்கள் வாக்களித்து உறுப்பினரைத் தெரிவுசெய்யலாம். அவ்வுறுப்பினர் தமக்கு வாக்களித்தோரின் லயத்துக்கு ஒரு வண்டிக் கல்லைத்தானும் சபையின் செலவிற் கொட்டுதல் அரிது. குடியுரிமையை 1948இல் இழந்து, பல ஒப்பந்தங்களையும் சட்டங்களையும் கடந்து, 2003ஆம் ஆண்டுச் சட்டத்துடன் அதனை ஒருவாறு முழுமையாகப் பெற்ற ஒரு சமூகம், வாக்குச் சீட்டைக் கையிற் பெற்ற பின்னரும் பாதையைப் பெறாது நின்ற கதை இதுவே.

2018ஆம் ஆண்டு இவ்வகையிற் குறிப்பிடத்தக்கது. நுவரெலியா, அம்பகமுவை ஆகிய இரு பெரும் பிரதேச சபைகள் பிரிக்கப்பட்டு, அக்கரப்பத்தனை, கொட்டகலை, நோர்வூட், மஸ்கெலியா ஆகிய புதிய சபைகள் அவ்வாண்டுத் தேர்தலுடன் இயங்கத் தொடங்கின. அதே ஆண்டில் 33ஆம் பிரிவும் திருத்தப்பட்டு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைகள் சேவையாற்ற வழி பிறந்தது. ஆயினும் சட்டத்தின் கதவு திறந்தவுடன் பணப்பெட்டியும் திறந்துவிடுவதில்லை. மேலும் 2023 மார்ச்சில் சபைகளின் பதவிக்காலம் முடிந்தது; 2025 மே மாதம் வரை புதிய தேர்தல் நடைபெறவில்லை. ஈராண்டுக்கு மேலாக, பாதையைப் பற்றி முறையிடுவதற்குத் தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர் ஒருவரும் இருக்கவில்லை.

இருதரப்பு வாதங்களையும் நடுநிலையுடன் நோக்குதல் வேண்டும். லயன்களில் வாழ்வோரிற் பலர் இன்று தோட்டத்தில் வேலை செய்வதில்லை. அட்டனிலும் கொழும்பிலும் தொழில் புரிகின்றனர். அவர்களுடைய போக்குவரத்துக்குத் தேயிலையின் வருவாயிலிருந்து பாதை போடுவது எவ்வாறு என்று கம்பனிகள் வினவுகின்றன. இலாபம் ஈட்டும் காணியின் பாதையை ஏழைச் சபை ஏன் செப்பனிட வேண்டும் என்று மறுதரப்பினர் வினவுகின்றனர். இரண்டு வினாக்களிலும் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் இரண்டு நியாயங்களுக்கும் நடுவில் ஒரு தாய் மாவுக்கட்டிட்ட பிள்ளையுடன் மழையில் நிற்கிறாள்.

பணமே இல்லை என்பதும் முற்றிலும் உண்மையன்று. பயிர்செய்யப்படும் காணிகளுக்கு ஏக்கர் வரி விதிக்கும் அதிகாரம் பிரதேச சபைச் சட்டத்திலேயே உண்டு. விளம்பரப் பலகைகளுக்கும் சபைகள் தம் துணைவிதிகளின்படி கட்டணம் அறவிடுகின்றன. பெருவீதியின் எல்லைக்குள் பலகை நாட்டுவோர் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் அனுமதியைப் பெறுதல் வேண்டும். ஆக, வீதியோரத்தில் ஒரு பெயரை எழுதி வைப்பதற்கே விலையொன்று உண்டு. அமெரிக்க நாட்டில் இவ்விலை ஒரு முறைமையாகவே வளர்ந்துள்ளது. அங்கு 1965ஆம் ஆண்டின் நெடுஞ்சாலை அழகுபடுத்தற் சட்டம் வீதியோர விளம்பரங்களைக் கட்டுப்படுத்தியது. உணவகம், எரிபொருள் நிலையம், தங்குவிடுதி ஆகியவற்றின் இலச்சினைகள் நீலப் பலகைகளில், கட்டணத்தின் பேரில், பொறிக்கப்படுகின்றன. அங்கே பலகை காட்டும் திசையிற் சென்றால் உணவகத்தின் வாசல்வரை வீதி இருக்கும். பலகை என்பது ஒரு வாக்குறுதி. ‘இவ்வழியே வருக, அடைவீர்’ என்பதே அதன் பொருள்.

மலையகத்துப் பலகையும் அவ்வாக்குறுதியைத் தேயிலை வாங்க வருவோர்க்கு நிறைவேற்றுகிறது. தேநீர்ச்சாலையின் வாசலில் அவர்களது வாகனம் குலுக்கமின்றி நிற்கிறது. தேயிலையைப் பறிப்போர்க்கே அது நிறைவேறவில்லை. தோட்டத்தின் பெயரால் வரும் ஏக்கர் வரியிலும் பலகைக் கட்டணத்திலும் ஒரு பங்கு அத்தோட்டத்துப் பாதைக்கெனத் தனியே ஒதுக்கப்படுதல் வேண்டும். குத்தகைக் கம்பனி அதற்கு ஈடான பங்கைச் சேர்த்தல் வேண்டும். மிகுதியை அரசு ஏற்றல் வேண்டும். துரைமாரும் அரசாங்கமும் செலவைப் பங்கிட்டுப் பாதை அமைத்த முன்மாதிரி இம்மலைகளிலேயே உண்டு. கோப்பிக்குப் பொருந்திய நீதி கொழுந்து பறிக்கும் கைகளுக்கு மட்டும் ஏன் பொருந்தாது? அத்தொகை சிறிதாயிருக்கலாம், ஆயினும், பாதைக்குக் கணக்கொன்று திறக்கப்பட்டால் அப்பாதைக்கு உரியவர் யார் என்ற வினாவுக்கும் விடையொன்று எழுதப்பட்டுவிடும்.

இதனைத் தள்ளிப்போடுவதன் விலையை இயற்கை அவ்வப்போது உணர்த்துகிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலுடன் வந்த பெருமழையில் மலைகள் சரிந்தன, வீதிகள் அறுந்தன, உயிர்கள் பல மாண்டன. பெருவீதிகளைத் திறக்க இயந்திரங்கள் வரும். அவற்றுக்கு உரிமையாளர் உண்டு. உரிமையாளர் இல்லாத பாதைக்கு மண்வெட்டியும் தலைச்சுமைக் கூடையுமே இயந்திரங்கள். இளைஞர் சிரமதானம் செய்து கல் நிரப்புவதும், அடுத்த மழை அதனை அடித்துச் செல்வதுமாகச் சாண் ஏற முழம் சறுக்கும் வாழ்வே தொடர்கிறது.

அன்று பிற்பகலில் முச்சக்கர வண்டி சொன்னபடியே தொழிற்சாலை வரை ஏறி நின்றது. செய்தி அறிந்து மேற்பிரிவிலிருந்து இரண்டு இளைஞர் இறங்கி வந்தனர். கம்பளியொன்றைத் தடியிற் கட்டித் தூளியாக்கி, அதிற் சிறுவனைக் கிடத்தித் தோளில் ஏற்றிக்கொண்டனர். தாய் குடையைப் பிள்ளையின் காலுக்குப் பிடித்தவாறு பின்னே நடந்தாள். தூளியிற் கிடந்தவன் கீழே தெரிந்த பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தான்.

“நம்ம தோட்டத்துப் பேருதானேம்மா அது?”

“ஆமா ராசா” என்றாள் தாய். மேற்பிரிவுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் நடக்க வேண்டியிருந்தது.