நாலரை காட்டும் கடிகாரம்

ஒரே மடிக்கணினியில் விண்டோஸையும் லினக்ஸையும் டூயல் பூட் முறையில் போட்டவர்களில் பலர் பார்த்துத் திகைத்த காட்சி இது. காலை பத்து மணிக்கு லினக்ஸை மூடிவிட்டு விண்டோஸுக்குப் போனால், திரையின் வலது மூலையில் மணி நாலரை என்றிருக்கும்.

காரணம் மதர்போர்டில் இருக்கிறது. அங்கே பொத்தான் அளவு பேட்டரியின் தயவில் ஒரு சின்னக் கடிகாரம் இரவும் பகலும் ஓடுகிறது. கணினியை அணைத்தாலும் அது நிற்காது. ஆனால் அதில் இருப்பது வெறும் எண்கள்தான். எந்த ஊர் நேரம் என்ற குறிப்பு கிடையாது. லினக்ஸ் அதில் உலகப் பொது நேரத்தை எழுதிவைத்து, திரையில் காட்டும்போது ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்கிறது. விண்டோஸோ டாஸ் காலத்துப் பழக்கப்படி அதே எண்களை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. குளிர்கால லண்டனில் இரண்டு நேரமும் ஒன்றுதான் என்பதால் அங்கே இது கண்ணில் படாது. இந்தியாவில் உடனே தெரிந்துவிடும். உள்ளூர் நேரத்தையே வைத்துக்கொள்ளும்படி லினக்ஸுக்கு ஒரு கட்டளை கொடுத்தால் சரியாகிவிடும்.

டூயல் பூட்டின் குணம் முழுவதும் இந்தக் கடிகாரத்தில் தெரிகிறது. எந்திரம் ஒன்று, ஆள்பவர் இருவர். ஒருவர் எழுந்து போனால்தான் இன்னொருவர் உட்கார முடியும். உட்கார்ந்தவருக்குப் பிராசஸர், நினைவகம், கிராபிக்ஸ் அட்டை எல்லாம் முழுசாகக் கிடைக்கும்.

ஒரு இயங்குதளத்துக்குள்ளேயே இன்னொன்றை ஓட்டும் விர்ச்சுவல் மெஷினின் வழி வேறு. உள்ளே ஓடும் இயங்குதளத்துக்கென்று தனி வட்டு, தனி நெட்வொர்க் அட்டை, ஏன், தனிக் கடிகாரம்கூட மென்பொருளால் செய்து கொடுக்கப்படுகிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் ஐபிஎம் பொறியாளர்கள் 1967-லேயே இதைச் செய்துவிட்டார்கள். சிபி-40 என்ற அந்த அமைப்பு ஒரே கணினியை 14 கணினிகளாகக் காட்டியது. தனி எந்திரம் கிடைக்காத காலத்தில், ஆளுக்கொரு முழு எந்திரம் இருப்பதாக நம்பவைத்தது எவ்வளவு பெரிய சாதனை! மேசைக் கணினிகளுக்கு அந்த வசதியை விஎம்வேர் கொண்டுவந்தது 1999-ல்தான்.

தமிழ்நாட்டு அரசு 2011-ல் மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது அவற்றில் விண்டோஸோடு பாஸ் என்ற லினக்ஸ் வகையும் டூயல் பூட்டாக இருந்தது. நினைவகம் குறைந்த எந்திரத்துக்கு அது பொருத்தமான ஏற்பாடு. விர்ச்சுவல் மெஷினில் இரண்டு இயங்குதளங்கள் ஒரே நேரத்தில் நினைவகத்தைப் பங்குபோட வேண்டியிருக்கும்.

8 ஜிபிக்கு மேல் நினைவகம் உள்ளவர்கள், லினக்ஸ் பழக நினைத்தால் விர்ச்சுவல் மெஷினில் தொடங்குவதே நல்லது. கெட்டுப்போனால் முன்பே சேமித்துவைத்த நிலையை, அதாவது ஸ்னாப்ஷாட்டை, திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். பழைய எந்திரம் வைத்திருப்பவர்களுக்கும், கிராபிக்ஸ் அட்டையின் முழு வேகம் வேண்டுபவர்களுக்கும் டூயல் பூட். அவர்கள் பார்ட்டிஷனில் கைவைக்கும் முன் கோப்புகளை வெளி வட்டில் நகலெடுத்து, விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கரின் மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.