முப்பதே மரங்கள் மிஞ்சிய மலை

இத்தாலியின் சிசிலித் தீவு என்றதும் கடற்கரையும் எலுமிச்சைத் தோட்டமும் எட்னா எரிமலையும்தான் நினைவுக்கு வரும். அதே தீவின் வடக்கே, மாடோனியே மலைத்தொடரில், வேறெங்கும் இயற்கையாக வளராத ஒரு மரம் இருக்கிறது. சிசிலி ஃபிர். காட்டில் மிச்சமிருக்கும் வளர்ந்த மரங்கள் சுமார் 30தான்!

பொலிட்ஸி ஜெனரோஸா என்ற சிற்றூருக்கு மேலே, பாறைச் சரிவுகளில் இவை தள்ளித் தள்ளி நிற்கின்றன. ஒவ்வொரு மரத்துக்கும் எண் உண்டு, வேலியும் உண்டு. கிளை நுனிகள் சிலுவைபோல இருப்பதால், ஊர்க்காரர்கள் இதைச் 'சிலுவை மரம்' என்ற பொருள்படும் பெயரில் அழைக்கிறார்கள்.

கிறிஸ்துமஸ் மரமாகப் பலரும் அறிந்த ஃபிர்ரை அடையாளம் காண்பது எளிது. அதன் கூம்புக் காய்கள் கிளைமேல் மெழுகுவத்திபோல நிமிர்ந்து நிற்கும். முற்றியதும் மரத்திலேயே செதில் செதிலாக உதிர்ந்துவிடும். அதனால், முழுக் காய் கல்லாகிக் கிடைப்பது அபூர்வம். உதிர்ந்த செதில்களையும் சிறகு முளைத்த விதைகளையும் வைத்தே ஆய்வாளர்கள் இதன் பூர்விகத்தைத் தேடுகிறார்கள்.

அப்படிக் கிடைத்த மிகப் பழைய தடயங்களில் ஒன்று, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள ரிபப்ளிக் என்ற சிற்றூரில் இருக்கிறது. முன்பு ஏரியாக இருந்த இடம் அது. அடியில் படிந்த சேறு கல்லாகிவிட, சுமார் 4.9 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஃபிர்ரின் சுவடு அதில் பதிந்திருந்தது. 1986-ல் அதற்கு 'ஏபிஸ் மில்லெரி' என்று பெயர் வைத்தார்கள்.

இன்று உலகில் சுமார் 50 வகை ஃபிர்கள் உள்ளன. எல்லாமே பூமியின் வடபாதியில்தான். கனடாவிலும் சைபீரியாவிலும் சமவெளியிலேயே வளரும். தெற்கே வரவர, குளிருக்காக மலையேறிவிடும். மெக்ஸிகோ, குவாத்தமாலா மலைகளிலும், நம் இமயமலையிலும் அப்படித்தான். குல்மார்க் போனவர்கள் பனிச்சரிவுகளுக்கு நடுவே பார்த்த கரும்பச்சை மரங்களில் பலவும் ஃபிர்தான்.

சிசிலி ஃபிர்ரின் கதையும் குளிரோடு சேர்ந்ததே. பனியுகத்தில் ஃபிர்கள் தெற்கே பரவின. பூமி மீண்டும் சூடானபோது, தெற்கே வந்தவை மலைகளில் ஒதுங்கின. அங்கேயும் கோடரி விடவில்லை. பழைய தேவாலயங்களின் கூரை உத்தரங்களாகப் பல மரங்கள் போயின. 1900 வாக்கில் இந்த இனமே அழிந்துவிட்டது என்று நினைத்தார்கள். 1957-ல்தான் மிச்சமிருந்தவை மீண்டும் கண்ணில் பட்டன.

இப்போது சிக்கல் வேறு. மரங்கள் குறைவு, இடைவெளி அதிகம். மகரந்தம் சரியாகச் சேராததால் விதைகளில் பெரும்பாலானவை பொக்கு. அருகில் நட்டு வளர்க்கப்பட்ட வேறு வகை ஃபிர்களின் மகரந்தம் கலந்துவிடும் அபாயமும் இருக்கிறது. மேலும் வெப்பம் கூடினால், ஏறிப்போக இந்த மலையில் அதிக உயரமும் இல்லை.

எனவே, மனிதக் கையால் ஒரு மரத்தின் மகரந்தத்தை இன்னொன்றுக்குச் சேர்க்கிறார்கள். தேறிய விதைகளை நாற்றங்காலில் முளைக்க வைக்கிறார்கள். ஒரு பகுதியைக் குளிர்ப்பதனத்தில் சேமிக்கிறார்கள்.

மரங்களைப் பார்க்க மலைப்பாதை உண்டு. வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம். காயையோ கிளையையோ தொடக் கூடாது. குனிந்து பார்த்தால், சில மரங்களின் அடியில் தானாகவே முளைத்த கன்றுகளும் தென்படும்.