விலங்குகள்னா உயிரா? அப்போ இதைப் படிங்க

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் போதும், "டாக்டர், எனக்கு விலங்குகள்னா உயிர். வெட்னரி எடுக்கலாமா?" என்று இன்பாக்ஸில் கேள்விகள் வரிசை கட்டும்.

தாராளமாக எடுங்கள். இன்டர்ன்ஷிப்போடு சேர்த்து ஐந்தரை ஆண்டுப் படிப்பு. 1903இல் தொடங்கிய சென்னை வேப்பேரி கல்லூரி முதல் நாமக்கல், ஒரத்தநாடு, நெல்லை வரை அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன.

ஆனால் கிராமத்துப் பக்கம் வேலை என்றால், கொஞ்சுகிற நாய்க்குட்டியைவிட வயிறு உப்பி நிற்கும் பசுவைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். "எங்கே வலிக்குது?" என்று அதனிடம் கேட்க முடியாது. இடது விலாவுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் முஷ்டியை அழுத்தி வைத்துக் காத்திருப்போம். நல்ல மாடு என்றால் நிமிடத்துக்கு ஒரு முறையாவது உள்ளே வயிறு புரண்டு கையைத் தள்ளும். தள்ளவில்லையா, சிக்கல்தான்.

கன்று போட முடியாமல் திணறும் மாடு என்றால், தோள்வரை கையை உள்ளே விட்டு, மடங்கிக் கிடக்கும் முன்னங்காலைத் தேடிப் பிடித்து நிமிர்த்தணும். மாடு முக்கும்போது நம் கை மரத்தே போய்விடும்.

மனிதர்களிடம் பேசவும் தெரியணும். பால் ஊற்றித்தான் பல வீடுகளில் பிள்ளைகளின் ஃபீஸ் கட்டுகிறார்கள். மாட்டுக்கு ஊசி போடுவதற்கு முன் அவர்கள் பதற்றத்தைத் தணிக்கணும்.

அப்புறம் ஏன் இதிலேயே இருக்கிறேன்? கன்று தும்மி மூச்சு விட்டதும் வீட்டுக்கார அம்மா முதலில் கேட்பது, "காளையா, கிடேரியா சார்?" கிடேரி என்று சொல்லும்போது அந்த முகத்தைப் பார்க்கணுமே!

முடிவெடுக்கும் முன் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேட்டுக்கொண்டு ஒரு வாரம் போய் நில்லுங்கள். சாணி வாடை பழகிவிட்டால், அப்ளிகேஷன் போடுங்கள்.