பொம்மைத் துப்பாக்கி

போடிமெட்டுக்கு அருகே என் மருமகனுக்குச் சிறு ஏலத் தோட்டம் ஒன்று உண்டு. பாடுபடுவது அவன், முதலில் ருசி பார்ப்பவை குரங்குகள். சென்ற மார்கழியில் போடிநாயக்கனூர் வீட்டில் நீளமான பெட்டி ஒன்றைத் திறந்து, "மாமா, குரங்குகளுக்கு ஒரு வழி பண்ணிவிட்டேன். நீங்கள் பரீட்சித்து அபிப்பிராயம் சொல்ல வேண்டும்" என்றான். உள்ளே கன்னங்கரேலென்று ஒரு வேட்டைத் துப்பாக்கி! நான் இரண்டடி பின்வாங்கினேன்.

"பயப்படாதீர்கள், மாமா. வெறும் பொம்மை" என்று சிரித்தான். வெளிநாட்டுச் சிநேகிதன் ஒருவன் கொடுத்ததாம்.

ஜப்பானில் பொதுஜனங்கள் துப்பாக்கி வைத்துக்கொள்ளக் கடுமையான தடை உண்டு. ஆசை அடங்காதவர்களுக்காக 1970-களில் அங்கே இவ்வகைப் பொம்மைகள் தோன்றின. வெடிமருந்துக்குப் பதில் வாயு. ஈயத்துக்குப் பதில் 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் உருண்டை. உள்ளே ஒளிந்திருக்கும் சிறு தொட்டியில் வாயுவைத் திரவமாக அடைக்கிறார்கள். விசையை இழுத்ததும் அது சீறிக் கிளம்பி உருண்டைகளைத் தள்ளுகிறது.

கையில் வாங்கிப் பார்த்தேன். கனம் நிஜம், முன்பிடியை இழுத்தால் எழும் 'சடக்' என்ற சப்தமும் நிஜம். ஒரு தடவைக்கு மூன்று உருண்டைகள். கொல்லையில் வைத்திருந்த தகர டப்பா 'டணங்' என்று கீழே விழுந்தது. தோற்றத்துக்கு நூற்றுக்கு நூறு மார்க் கொடுத்தேன். குழல் முனையில் செம்மஞ்சள் வளையம் ஒன்று இருந்ததாம். கம்பீரம் குறைகிறதென்று அதன்மேல் கறுப்புச் சாயம் பூசியிருந்தான்.

மறுநாள் விடியற்காலையில் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலே போனோம். தோட்டமெங்கும் மூடுபனி. மருமகன் குறி பார்த்துச் சுட்டான். 'புஸ்' என்று ஒரு பெருமூச்சு; உருண்டைகள் பத்தடிக்குள் உதிர்ந்தன. குளிரில் திரவம் சரியாக ஆவியாவதில்லை, அழுத்தம் குறைந்துவிடுகிறது. ஒவ்வொரு முறை சுடும்போதும் தொட்டி இன்னும் குளிர்கிறது. குரங்கு ஒன்று உருண்டையை எடுத்து முகர்ந்து பார்த்து, அலட்சியமாக எறிந்துவிட்டது.

பயப்பட்டது வேறொருவர். ஏலச் செடியின் தூரடியில் குனிந்து காய் எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்தாள். பனிக்குள் துப்பாக்கியோடு நின்ற உருவத்தைக் கண்டாள். கூடை கவிழ்ந்தது. "ஐயா, சுட்டுடாதீங்க!" என்று இரு கைகளையும் தூக்கினாள். பொம்மை என்று அறிந்த பிறகும் அவள் கை நடுக்கம் நிற்க வெகுநேரமாயிற்று. மருமகன் தலைகுனிந்து, சிதறிய காய்களைத் தானே பொறுக்கிக் கூடையில் போட்டான்.

2014-ஆம் வருஷம் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், இத்தகைய விளையாட்டுக் கைத்துப்பாக்கி வைத்திருந்த பன்னிரண்டு வயதுச் சிறுவனை நிஜமென்று நம்பிப் போலீஸார் சுட்டுக் கொன்றார்கள். அதன் முனையிலும் செம்மஞ்சள் அடையாளம் இல்லை. பொம்மையென்று தெரிவிப்பதற்காகவே அந்த நாட்டுச் சட்டம் விதித்த அடையாளம் அது! எங்கள் பொம்மையை மாநில எல்லைச் சோதனைச் சாவடியில் யாராவது பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்கள்?

"உங்கள் அபிப்பிராயம் என்ன, மாமா?" என்று மருமகன் மெதுவாகக் கேட்டான்.

"நேற்று எதற்கு நூறு மார்க் கொடுத்தேனோ, அதுதான் அப்பா இதன் குற்றம்" என்றேன். "குரங்குக்கு இது பொம்மை, மனிதனுக்கு இது துப்பாக்கி."

அன்று மாலையே அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டினான். இப்போது தோட்டத்தில் அந்தப் பழைய தகர டப்பாவைத்தான் கழியால் தட்டுகிறான். குரங்குகள் ஓடுகின்றன. பெண்கள் சிரிக்கிறார்கள்.