சொல் தேடும் பிள்ளைகள்

முதலாம் ஆண்டு மாணாக்கருக்குத் தமிழ் பயிற்றும் பேறு எனக்குப் பல்லாண்டுகளாக வாய்த்துள்ளது. அவர்களுள் ஆட்டிசம் உடைய பிள்ளைகள் சிலரும் உண்டு. மதியிறுக்கம் எனத் தமிழில் வழங்கப்பெறும் இந்நிலை நோயன்று. மூளை வளரும் முறையில் இளமையிலேயே காணப்பெறும் வேறுபாடாகும். மாற்றுத்திறனாளிப் பிள்ளை எவரையும் பள்ளி ஏற்க மறுத்தலாகாது என்னும் கொள்கை 2019ஆம் ஆண்டில் நம் நாட்டில் நடப்புக்கு வந்தபின், பள்ளி வாயிலில் நிற்கும் பெற்றோரின் தயக்கம் சற்றுக் குறைந்திருக்கக் காண்கிறேன். எனினும் அவர்கள் வினவும் முதல் வினா மாறவில்லை. "இவன் பேசுவானா, டீச்சர்?" என்பதே அது.

பிள்ளை இப்பொழுதே பேசிக்கொண்டிருக்கக் கூடும். நாம்தாம் அதனைப் பேச்சென உணராதிருக்கிறோம் என்பதே நான் கூறும் மறுமொழி. என் வகுப்பு மாணவன் ஒருவன் தாகம் எடுக்கும்போதெல்லாம் என் மேசையருகே வந்து, "தண்ணி வேணுமா?" என்பான். அவன் எனக்குத் தண்ணீர் தர வந்தான் என்றே மற்றப் பிள்ளைகள் எண்ணுவர். உண்மை அதுவன்று. வீட்டில் அவன் பாட்டி குவளையை நீட்டும்பொழுது கேட்கும் சொற்கள் அவை. கேட்டவாறே மனத்திற் பதித்துக்கொண்ட அவனுக்குத் தண்ணீருக்குரிய சொற்கள் அவையே.

லியோ கானர் என்னும் மருத்துவர் 1943ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே இவ்வியல்பு குறிக்கப்பட்டுள்ளது. 'நான்' என வரவேண்டிய இடத்தில் அப்பிள்ளைகள் 'நீ' என்றனர். நம் தமிழில் இச்சிக்கல் இன்னும் ஆழமாகச் செல்லும். தன்மையும் முன்னிலையும் வினைச்சொல்லின் ஈற்றிலேயே உறைவதால், "சாப்பிடுறியா?" எனக் கேட்டுப் பழகிய பிள்ளை, தனக்குப் பசிக்கும்போதும் "சாப்பிடுறியா" என்றே சொல்லும்.

நெடுங்காலம் இவ்வெதிரொலிப் பேச்சைப் பொருளற்றதெனக் கருதி அடக்கவே முயன்றனர். 1981ஆம் ஆண்டில் பாரி பிரிசாண்ட், ஜூடித் டுக்கன் என்னும் ஆய்வாளர் இருவர், கேட்டல், உடன்படல், உரையாடலில் தம் முறையை நிரப்பல் எனப் பல பணிகளை அஃது ஆற்றுவதை எடுத்துக்காட்டினர். ஆகவே அச்சிறுவனை நான் கண்டிப்பதில்லை. அவன் நிலையில் நின்று, "தண்ணி வேணும்" என ஒருமுறை சொல்லிவிட்டுக் குவளையை உடனே கொடுத்துவிடுவேன். வினாவாகக் கேட்டால் வினாவைத்தானே அவன் கற்பான்? பாட்டியும் அவ்வாறே செய்யலானார். அச்சொற்கள் அவன் வாயில் வர நான்கு திங்கள் ஆயின.

"சொல்லு, சொல்லு" என நெருக்குவதால் பயனில்லை. ஒன்றைச் சொல்லிவிட்டு, மனத்துக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருத்தலே நலம். பேச்சே வாராத பிள்ளைகளும் உளர். அவர்களுக்குப் பட அட்டைகள் பெருந்துணை. வேண்டிய பொருளின் படத்தை எடுத்துக் கொடுத்து அப்பொருளைப் பெறும் முறையொன்று 1985ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உருவாயிற்று. அட்டை பழகினால் பேசச் சோம்பிவிடுவான் என அஞ்சுவோர்க்கு ஒன்று கூறுவேன்: அட்டை பேச்சைத் தடுப்பதில்லை. சில பிள்ளைகளுக்கு அதுவே பேச்சுக்கு வழியும் ஆகிறது.

இனி எழுத்து. 247 எழுத்துகளும் வரிசை பிறழாது அமைந்த நம் நெடுங்கணக்கு, ஒழுங்கை விரும்பும் இப்பிள்ளைகள் பலரைக் கவர்ந்துவிடுகிறது. சிறுமி ஒருத்தி, பள்ளியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே சுவரிலிருந்த அட்டவணை முழுவதையும் படித்தாள். ஆயின், "முயல் எங்கே ஓடியது?" என்றால் விழித்தாள். எழுத்தைக் கூட்டிப் படிக்கும் ஆற்றல் ஒருபுறமும் பொருளுணர்வு மறுபுறமும் நிற்கும் நிலை அது. அவளுக்கு மேலும் மேலும் பாடங்களைப் படிக்கக் கொடுப்பது வீண். ஒரு வரியைப் படித்ததும் பொம்மை முயலை மேசைக்கடியில் ஓடவிட்டோம். அடுத்த வரியில் அதனை வெளியே கொணர்ந்தோம். ஒரு பக்கக் கதைக்கு இரண்டு வாரம் பிடித்தது.

கொம்பு வேறொரு தொல்லை. 'கெ' என்பதில் செவி முதலில் கேட்பது ககர மெய். கண் முதலில் காண்பதோ கொம்பு. இடமிருந்து வலமாக இம்மியும் பிசகாமல் படிப்பவனுக்கு இது பெரும் அநீதி! கொம்பையும் எழுத்தையும் ஒரே அட்டையில் ஒன்றாகவே காட்டிப் பழக்குகிறேன். "வர்றான்" எனப் பேசும் நான் "வருகிறான்" என ஏன் எழுதுகிறேன் என்று கேட்ட பிள்ளைக்கும், வீட்டுச் சொல் ஒன்று, புத்தகச் சொல் ஒன்று என இரு நிறத்தில் எழுதிக் காட்டிய பிறகே மனம் அமைந்தது.

முற்கூறிய சிறுவனின் தந்தையார் சென்ற ஆண்டு என்னைக் காண வந்தார். இரு மொழிகள் பிள்ளையைக் குழப்பும், தமிழை விடுத்து ஆங்கிலம் மட்டுமே பேசுங்கள் என ஓரிடத்தில் அவருக்கு அறிவுரை கூறினராம். பள்ளியை மாற்றிவிடலாமா என வினவினார். வீட்டில் நாள் முழுவதும் அவனுடன் இருப்பவர் பாட்டி. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. தமிழை நிறுத்தினால் அவ்வீட்டில் பாட்டி ஊமையாவார். தண்ணீர் கேட்க அவன் அரிதிற் பெற்ற சொற்களும் பயனற்றுப் போகும். இருமொழிச் சூழலில் வளரும் ஆட்டிசப் பிள்ளைகள் அக்காரணத்தால் மொழியில் பின்தங்குவதில்லை என்றே கனடா முதலிய நாடுகளில் நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. இதனை அவரிடம் விளக்கினேன். "அப்படியானால் அம்மா அவனோடு பேசலாமா?" என்று கேட்டார் அவர். அவ்வினாவை இன்றும் என்னால் மறக்க இயலவில்லை. முடிவு செய்ய அவருக்கு ஒரு மாதம் ஆயிற்று. பிள்ளை நம் பள்ளியிலேயே நீடித்தான்.

அவனுக்கு இரயில் என்றால் உயிர். எனவே அவன் எழுத்துப் பயிற்சிக்குப் பாடநூலை ஒதுக்கிவைத்து, இரயில் நிலையப் பெயர்களையே எடுத்துக்கொண்டோம். பத்துமலை, தாமான் வாஹ்யு, கம்போங் பத்து, பத்து கெந்தோமென், செந்தூல் எனத் தமிழில் எழுதி, மாலையில் பாட்டிக்குப் படித்துக் காட்டுகிறான். ஒவ்வொரு நிலையத்திலும் பாட்டி "அடுத்து?" எனக் கேட்க வேண்டும் என்பது அவன் வகுத்த விதி. அவர் கேட்க மறந்தால், இரயில் மீண்டும் பத்துமலையிலிருந்தே புறப்படும்.