இரண்டு பேருக்கும் சேர்த்து

செம்பூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. போனிலேயே பேசியிருக்கலாம்; ஆனால் தாராவியில் உன் கோலி வீட்டில் ஒருத்தர் பேசினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். அதனால் காகிதத்தில் எழுதி மகளிடம் கொடுத்துவிடுகிறேன். நீ படித்துவிட்டு உன் வீட்டுக்காரியையும் படிக்கச் சொல்.

அன்றைக்கு நான் வந்திருந்தபோது அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று உனக்குச் சங்கடம். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. வேறொன்று பட்டது. கைக்குழந்தை அழுதுகொண்டே இருந்தது. பக்கத்திலேயே இருந்தும் அவள் எடுக்கவில்லை. குழந்தை தூங்குகிற நேரத்திலும் அம்மா கண்ணைத் திறந்துகொண்டே படுத்திருக்கிறாள் என்று உன் மூத்தவள் என் காதில் சொன்னாள். சோறு வைத்தால் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. நீயோ அதற்குச் சோம்பல், திமிர் என்று பேர் வைத்திருக்கிறாய். அந்தப் பேச்சை இன்றோடு விட்டுவிடு. வருஷக்கணக்கில் ஆஸ்பத்திரி வார்டில் நின்றவள் சொல்கிறேன், இதெல்லாம் மனச்சோர்வு நோயின் அடையாளங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுக்க இப்படியே இருந்தால் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். இவளுக்குப் பிரசவமானதிலிருந்தே இப்படித்தான் இருக்கிறது.

ஊரில் எல்லாரும் பிள்ளை பெறுகிறார்கள், இவளுக்கு மட்டும் ஏன் என்று கேட்டாய். லண்டனில் கேம்பர்வெல் பகுதிப் பெண்களிடம் விசாரித்து ஜார்ஜ் பிரவுன், டிரில் ஹாரிஸ் என்ற இரண்டு பேர் 1978-இல் ஒரு புத்தகம் கொண்டுவந்தார்கள். பெரிய கஷ்டம் வரும்போது எந்தப் பெண் தாங்குகிறாள், எவள் ஒடிந்து போகிறாள் என்பதுதான் அவர்கள் பார்த்தது. ஒடிந்தவர்கள் வாழ்க்கையில் நாலு விஷயம் கூடுதலாக இருந்தது. பதினோரு வயதுக்குள் தாயைப் பறிகொடுத்தது, பதினாலு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் மூன்றோ அதற்கு மேலோ வீட்டில் இருப்பது, வெளியே வேலை இல்லாதது, மனசு விட்டுப் பேச ஆள் இல்லாதது. இவளுக்குத் தாய் இருக்கிறாள், ஆனால் திருநெல்வேலியில் இருக்கிறாள். மற்ற மூன்றும் அப்படியே பொருந்துகிறது. கார்கானாவுக்குத் தைக்கப் போய்க்கொண்டிருந்தவள் இரண்டாவது பிள்ளையோடு நின்றுவிட்டாள். அதில் பெரிய சம்பளம் இல்லைதான். ஆனால் நாலு பெண்களோடு பேச்சுத் துணை இருந்தது, கையில் சொந்தக் காசு இருந்தது. நாற்பது வயதில் ஒரு ஆணின் வேலை போனால் அவனுக்கு என்ன ஆகும் என்று எல்லாரும் பதறுவோம். இவள் வேலையை விட்ட அன்றைக்கு யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கோவாவில் விக்ரம் பட்டேல் என்ற மனநல டாக்டரும் கூட இருந்தவர்களும் பிரசவமான பெண்களைப் பார்த்து 2002-இல் எழுதினார்கள். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் நூற்றுக்கு இருபத்து மூன்று பேருக்கு மனச்சோர்வு இருந்தது. வறுமை, புருஷன் பெண்டாட்டி உறவு சரியில்லாதது, இவற்றோடு பிறந்தது ஆணா பெண்ணா என்பதும் அதில் ஒரு காரணமாக வந்தது. நம் சித்தி தொட்டிலை எட்டிப் பார்த்து, "இதுவும் பொட்டப்புள்ளையா" என்றாளே, அப்போது நீ சும்மாதான் நின்றாய் என்று கேள்விப்பட்டேன். அடுத்த முறை யாராவது அப்படிச் சொன்னால் நீ வாயைத் திறக்க வேண்டும்.

உடம்பையும் பார்க்க வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு தைராய்டு தாறுமாறாகப் போகலாம், ரத்தசோகை இருக்கலாம். இரண்டுமே ஆளை இப்படிச் சுருட்டிப் போடும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

இனி உன்னைப் பற்றி. இதைப் படித்துக் கோபப்படாதே.

அப்பா மும்பைத் துணி மில்லில் வேலை பார்த்தது உனக்குத் தெரியும். அதற்கப்புறம் நடந்தது தெரியாது, நீ அப்போது பிறக்கவில்லை. 1982 ஜனவரி 18-ஆம் தேதி தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் மில் ஸ்டிரைக் தொடங்கியது. இரண்டரை லட்சம் தொழிலாளிகள் வேலையை நிறுத்தினார்கள். ஸ்டிரைக் முடிந்தது என்று முறையாக யாரும் அறிவிக்கவே இல்லை. அப்பாவைப் போல எத்தனையோ பேர் திரும்ப மில்லுக்குள் போகவும் இல்லை. முதலில் கூலியாட்கள் கூடும் நாகாவில் நின்று வேலை தேடினார். பிறகு அதுவும் இல்லை, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். இடுப்பு வலி என்பார். சாயங்காலம் ஆனால் குடிக்கப் போவார், வந்தால் தட்டு பறக்கும். ஒருநாள்கூட அவர் அழுது நான் பார்த்ததில்லை. இன்றைக்கு அப்படி ஒருத்தர் வார்டுக்கு வந்திருந்தால் இடுப்போடு மனசையும் பார்க்கச் சொல்லியிருப்பேன்.

ஆண்களில் பலருக்கு இந்த நோய் இப்படித்தான் வருகிறது: எரிச்சலாக, குடியாக, வலியாக. உலக சுகாதார நிறுவனக் கணக்கில் பெண்களுக்கு ஆண்களைவிட ஒன்றரை மடங்கு மனச்சோர்வு. ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கைப் பார்: 2022-இல் நம் நாட்டில் தற்கொலை செய்துகொண்ட 1,70,924 பேரில் பத்துக்கு ஏழு பேர் ஆண்கள், நாலில் ஒருவர் தினக்கூலி. பெண்களில் பாதிக்கு மேல் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். ஆண்களுக்கு நோய் குறைவு என்பதில் ஒரு பகுதி, அவர்கள் சொல்லாமல் இருப்பதுதான் என்று நான் நம்புகிறேன்.

உனக்கு அப்பா வழி ரத்தம் இருக்கிறது. இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுகளில், இந்த நோயில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் பரம்பரை என்று வருகிறது. மீதி வாழ்க்கை தருவது, அதில் மாற்ற முடிந்தது நிறைய இருக்கிறது. பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015-16-இல் 12 மாநிலங்களில் நடத்திய கணக்கெடுப்பில் நாற்பதுகளில் இருப்பவர்களுக்கும் பெருநகரத்துக்காரர்களுக்கும் மனச்சோர்வு கூடுதல். நீ இரண்டிலும் வருகிறாய். உனக்கு சுகர் வேறு. சுகர் இருந்தால் மனச்சோர்வுக்கான வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. மனசு சோர்ந்தால் மாத்திரையை ஒழுங்காகப் போட மாட்டோம், சுகர் இன்னும் ஏறும். கார்கானாவில் ஆர்டர் குறைந்ததிலிருந்து சேட் பாதிச் சம்பளம்தான் தருகிறார் என்றாய். அன்றிலிருந்துதான் நீ தினமும் குடிக்கிறாய் என்பது எனக்குத் தெரியும்.

வீட்டுக் காகிதம் பற்றிய பயம் இன்னொன்று. தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டத்துக்கு 2000-க்கு முந்தைய அத்தாட்சி இருக்கிறதா, மாடியில் இருப்பவனுக்கு வீடு எங்கே கிடைக்கும் என்று ராத்திரியெல்லாம் கணக்குப் போடுகிறாய். இது வெறும் வீண் கவலை என்று நான் சொல்ல மாட்டேன். நம் மும்பையில் துறைமுகத்து நிலத்தில் இருக்கிற கௌலா பந்தர் குடிசைப் பகுதியில் ராம்நாத் சுப்பராமன் என்ற டாக்டரும் மற்றவர்களும் 521 பேரிடம் விசாரித்தார்கள், 2014-இல் வெளிவந்தது. ஏறக்குறைய நாலில் ஒருவர் மனநலக் கோளாறு இருக்கக்கூடிய நிலையில் இருந்தார். வருமானத்தைத் தனியாகக் கழித்துப் பார்த்த பிறகும், தண்ணீர், கக்கூஸ், எப்போது இடிப்பார்களோ என்ற அச்சம் எல்லாம் சேர்ந்து மனசை அழுத்துவது தெரிந்தது. உன் கோலியில் அதே பயத்தோடுதான் உன் வீட்டுக்காரியும் படுத்திருக்கிறாள். நீயாவது நயன்டி ஃபீட் ரோடு வரை நடந்துவிட்டு வருகிறாய்.

அந்த நாலு காரணத்தில் கடைசியாகச் சொன்னேனே, மனசு விட்டுப் பேச ஆள் இல்லாதது, அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. பிரவுனும் ஹாரிஸும் புருஷனிடம் மனம் திறந்து பேச முடிந்த பெண்கள் கஷ்டத்தை நன்றாகத் தாங்கியதைக் கண்டார்கள். பணம் வராது, வீடு மாறாது, ஆனால் இதை நீ இன்று ராத்திரியே செய்யலாம். "உனக்கு என்ன செய்கிறது" என்று கேள். பதில் சொல்லாவிட்டால் சும்மா பக்கத்தில் உட்கார். செத்துவிடலாம் போலிருக்கிறதா என்றும் நேராகவே கேள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் அவளைத் தனியாக விடாதே, உடனே எனக்குப் போன் செய். டெலிமானஸ் என்ற மனநல உதவி எண் 14416 இருக்கிறது, காசில்லை, எந்த நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம். உனக்கும் அதே எண்தான்.

அன்றைக்கு வந்திருந்தபோது பக்கத்துக் கோலிப் பெண் ராத்திரி அடி வாங்குகிற சத்தம் எனக்கும் கேட்டது. சயான் ஆஸ்பத்திரியில் குழந்தை டாக்டராக இருந்த அர்மிடா ஃபெர்னாண்டஸ் 1999-இல் தொடங்கிய ஸ்னேஹா அமைப்பு, வீட்டு வன்முறையில் சிக்கிய பெண்களுக்காகத் தாராவியில் வேலை செய்கிறது. அந்தப் பெண்ணிடம் இதை உன் வீட்டுக்காரியைச் சொல்லச் சொல். தினம் அடி வாங்குகிறவளுக்கு மனசு ஒடிய வேறு காரணம் வேண்டாம்.

டாக்டர் உங்களுக்கு மாத்திரை கொடுத்தால் பயப்படாதீர்கள். பால் கொடுக்கிற தாய்க்கும் ஏற்ற மாத்திரை உண்டு, பால் கொடுப்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். சரியாகிவிட்டது என்று தானாக நிறுத்தக் கூடாது. நிம்ஹான்ஸ் கணக்கில் இந்த நோய் உள்ள நூறு பேரில் எண்பத்தைந்து பேர் சிகிச்சையே பெறவில்லை. அந்த எண்பத்தைந்தில் அப்பா இருந்தார். நீங்கள் இரண்டு பேரும் இருக்கக் கூடாது.

செவ்வாய் ராத்திரி நான் வந்து பிள்ளைகளோடு படுத்துக்கொள்கிறேன். புதன்கிழமை காலையில் சீக்கிரமே சயான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், கேஸ் பேப்பருக்கு வரிசை நீளும். இரண்டு பேர் பேரிலும் எடு. கைக்குழந்தையையும் கூட்டிப் போங்கள், பாலுக்கு அழும். அவளுடைய பிரசவக் கார்டு, உன் சுகர் ரிப்போர்ட், இரண்டையும் ஒரே பையில் எடுத்து வை. டாக்டரிடம் அவளுக்கு இந்தி தயக்கம். நீ பக்கத்தில் இருந்து அவள் சொல்வதை அப்படியே எடுத்துச் சொல், உன் அபிப்பிராயத்தைச் சேர்க்காதே. அப்புறம் அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு, உன் குடியையும் தூக்கத்தையும் பற்றி நீ தனியாகச் சொல்ல வேண்டும்.

உன் அக்கா